சம்பளம் பேசும்போது 'நெட்' எவ்வளவு என்று கேளுங்கள்

ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் 'நெட்' என்ற ஆங்கிலச் சொல்லை அவசியம் அறிந்திருக்க வேண்டும். வலை, இணையம் என்ற பொருள்கள் எல்லோருக்கும் தெரியும். தொகைக்கோ எடைக்கோ முன்னால் வந்தால், கழிவு போக மிஞ்சுவது என்று பொருள். கழிக்காத மொத்தம் 'கிராஸ்'.

படிகள் ஏதுமின்றி அடிப்படைச் சம்பளம் மட்டும் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,087 ரூபாய்தான். வாடகையும் சாப்பாடும் இந்தத் தொகைக்குள் அடங்குமா என்று பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் டின்னில் உள்ள 'நெட் வெயிட்', டின்னை நீக்கிய கூழின் எடை. கடைக்காரர் 'நெட் ரேட்' என்றால் அதற்குமேல் தள்ளுபடி கிடையாது.