டவுன்ஸ்விங்கில் கை கீழே இறங்கட்டும்

வலக்கை ஆட்டக்காரருக்கு கோல்ஃப் பந்து ஓயாமல் வலப்பக்கம் வளைகிறதா? டவுன்ஸ்விங்கின், அதாவது ஓங்கிய மட்டையைப் பந்தை நோக்கி இறக்கும் அசைவின், தொடக்கத்தைக் கவனியுங்கள். உச்சியிலிருந்து கை பந்தை நோக்கி வெளியே தள்ளினால் ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) செங்குத்தாகி, கிளப் (மட்டை) இலக்குக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே வெட்டும். பந்தை அடிக்கும் பரப்பான கிளப் முகமும் அந்தப் பாதைக்கு வலப்பக்கமாகத் திறந்திருந்தால், பந்து வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ்தான்.

இடுப்பு முதலில் இலக்குப் பக்கம் நகர வேண்டும். கை வலது பேன்ட் பாக்கெட்டை நோக்கி இறங்க வேண்டும். தோள் அவசரப்பட்டுத் திரும்பினால் காரியம் கெட்டது.

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் இதைச் சரிபார்க்க அருமையான இடம். தூணும் விளக்கும் எட்டாத தூரத்தில், பந்தில்லாமல், 7 அயர்ன் என்ற நடுத்தர மட்டையுடன் நில்லுங்கள். கற்கள் சேரும் நேர்கோடுதான் இலக்குக் கோடு. கிளப்பை உச்சியிலிருந்து மெதுவாக இறக்கி, ஷாஃப்ட் இடுப்பு உயரத்தில் கிடையாக வந்ததும் நிறுத்துங்கள். ஷாஃப்ட் கோட்டுக்கு இணையாகவும், கிளப் தலை கைக்கு நேர் பின்னாலும் இருந்தால் சரி. கிளப் தலை, பந்து இருக்க வேண்டிய பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கை வெளியே போயிருக்கிறது. முதுகுப் பக்கம் ஒதுங்கியிருந்தால் பிளேன், அதாவது கிளப் சுழலும் சாய்தளம், மிகவும் தட்டை. அப்போது இடுப்பு அளவுக்கு மீறி முந்தி, கை பின்தங்கிவிடும்.

நீளமான மட்டையான டிரைவரில் பிளேன் இயல்பாகவே தட்டையாக இருக்கும், குட்டையான வெட்ஜில் செங்குத்தாகும். கை இறங்கும் வரிசை இரண்டுக்கும் ஒன்றுதான்.