காட்டுக்குள் சைக்கிள் விடலாமா? கேட்கும்போதே நாம் விடும் பிழைகள்

விடியற்காலை நான்கு மணிக்கு, வேன் கூரையில் இரண்டு மவுண்டன் பைக்கைக் கட்டிக்கொண்டு நானும் சிநேகிதனும் வெள்ளவத்தையில் இருந்து புறப்பட்டோம். முந்தின நாளே போன் எடுத்துக் கேட்டாயிற்று. ‘பைக் கொண்டு வரலாமா?’ ‘ஓம், தாராளமாக.’ இதற்கு மேல் என்ன வேண்டும்?

காட்டு வாசலில் நின்ற உத்தியோகத்தர் கூரையை அண்ணாந்து பார்த்தார். “இதை ஏன் கொண்டு வந்தீர்கள்?”

“பைக் வரலாம் என்று நேற்றுச் சொன்னீர்களே, சேர்.”

“ஓம், பைக் வரலாம். அந்தா, அங்கே நிறுத்தலாம்” என்று மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தைக் காட்டினார்.

பிழை அவருடையதல்ல. இலங்கையில் தமிழிலும் சரி சிங்களத்திலும் சரி, பைக் என்றால் மோட்டார் பைக்தான். நாங்கள் கேட்டது ஒன்று, அவர் பதில் சொன்னது வேறொன்று. ‘மவுண்டன் பைக்’ என்று விளக்கமாகச் சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும், மலையேறி இரைச்சல் போடும் ஏதோ பந்தய வண்டி என்று நினைத்திருப்பார். ‘புஷ் பைசிக்கிள்’ என்று சொல்லுங்கள், யாருக்கும் விளங்கும். சிங்களத்தில் ‘பா பெதிய’. கடிதம் எழுதினால் ‘துவிச்சக்கரவண்டி’. ‘மிதிக்கிறது, எஞ்சின் இல்லை’ என்று ஒரு வரி சேர்த்தாலும் நட்டமில்லை. பற்றரியில் ஓடும் இ-பைக் என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிதிவண்டிக்குக் கிடைத்த சம்மதத்தை அதற்கும் நீட்டிக்கொள்ள முடியாது.

சொல் சரியானாலும் கேள்வி அரைகுறையாக இருந்தால் பயனில்லை. ‘கொண்டு வரலாமா’ என்பது ஒரு கேள்வி, ‘ஓட்டலாமா’ என்பது வேறு கேள்வி, ‘எந்தப் பாதையில்’ என்பது மூன்றாவது. டிக்கெட் கவுண்டர் வரை சைக்கிளில் வருவதை யாரும் தடுக்கப் போவதில்லை. அதற்கு அப்பால் தொடங்கும் நடைபாதைதான் நமக்கு வேண்டியது. அதன் பெயரைச் சொல்லி, எங்கே தொடங்கி எங்கே வெளியே வருவோம் என்று சொல்லி, திகதியையும் சொல்லிக் கேளுங்கள். சரி என்றால், சொன்னவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டு, அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பச் சொல்லுங்கள். போனில் பேசியவரும் சனிக்கிழமை காலை வாசலில் நிற்பவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம்.

இதையெல்லாம் விடப் பெரிய பிழை, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்பது. நம் நாட்டில் ‘காடு’ என்று ஒரே பெயரில் சொல்வதற்குச் சொந்தக்காரர்கள் பலர். 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் இருக்கிறது. நக்கிள்ஸ், கன்னெலிய, அவிசாவளைப் பக்கம் இந்திகட முகலான எல்லாம் அந்தக் கணக்கு. சிங்கராஜாவும் அவர்களிடம்தான், ஆனால் அதற்கு 1988 இல் வந்த தனிச் சட்டம் ஒன்று உண்டு. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தேசிய பூங்காக்களும் சரணாலயங்களும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. யால, வில்பத்து, ஹோர்ட்டன் சமவெளி அந்தப் பக்கம். தலங்கம குளத்தைச் சுற்றியுள்ள ஈரநிலம் போன்ற சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசங்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை. கொழும்புக்குத் தண்ணீர் தரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சுற்றிய காட்டில் நீர் வழங்கல் சபையின் சொல்லும் வேண்டும். அது நாம் குடிக்கிற தண்ணீரின் நீரேந்து பகுதி.

கொழும்புக்காரருக்கு ஒரு வசதி. மேலே சொன்ன இரண்டு திணைக்களங்களுக்கும் சுற்றாடல் அதிகார சபைக்கும் தலைமை அலுவலகம் பத்தரமுல்லைதான். ஒன்றில் ‘இது எங்களுடையதல்ல’ என்றால் த்ரீவீலர் பிடித்து மற்றதற்குப் போய்விடலாம். ஆனால் தலைமை அலுவலகத்தில் சட்டம் தெரியும், பாதை தெரியாது. அந்தப் பாதையில் போன வாரம் மரம் விழுந்ததா, யானை நிற்கிறதா என்பது அந்தப் பிரதேசத்துக்குப் பொறுப்பான வன அதிகாரிக்கும் அவருக்குக் கீழே காட்டின் ஒரு பகுதியைச் சுற்றிப் பார்க்கும் பீட் அதிகாரிக்கும்தான் தெரியும். இரண்டு இடத்திலும் கேளுங்கள். தமிழில் எழுதிக் கேட்பது நம் உரிமை, விட்டுக்கொடுக்க வேண்டாம். அடுத்த கிழமையே போக வேண்டும் என்றால் சிங்களப் பிரதி ஒன்றையும் சேர்த்து வைப்பது என் வழக்கம்.

பெயர்ப்பலகையில் இருக்கும் வகைப்பெயரைப் பார்த்து மிரள்வதும், பார்க்காமல் விடுவதும் இரண்டும் பிழை. சரணாலயம் என்றால் மனித வாடையே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அத்திடிய பக்கம் போய்ப் பாருங்கள், பெல்லன்வில – அத்திடிய சரணாலயத்தைச் சுற்றி ஊரே இருக்கிறது. சரணாலய எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கலாம், பொதுப் பாதையும் ஓடலாம். மாறாக, ரிட்டிகல போன்ற கடும் இயற்கை ஒதுக்கிடம் வேறு சாதி. அங்கே பழைய மடாலய இடிபாடுகளை நடந்து பார்க்கலாம். அதற்கு மேலே இருக்கும் மலைக்காடு ஆராய்ச்சிக்காரருக்கு அனுமதியோடு மட்டும். சைக்கிளைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் இந்த ஆப்கள். ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பின் வெப்பப்படத்தில், அதாவது ஆட்கள் போன தடங்களைக் காட்டும் படத்தில், காட்டுக்குள் ஒரு கோடு பளபளவென்று தெரிந்தால், யாரோ போயிருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அனுமதியோடு போனாரா, வேலியைத் தாண்டிப் போனாரா என்று கோடு சொல்லாது. யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ‘சைக்கிள் போகலாம்’ என்று குறித்திருப்பதும் என்னையும் உங்களையும் போல ஒருவர் வீட்டில் இருந்து போட்ட குறிப்பாக இருக்கலாம். பாதை எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆப் நல்லது, போகலாமா என்று தீர்மானிக்க அல்ல.

பாதையின் அகலமும் ஏமாற்றும். சிங்கராஜாவில் குடாவப் பக்கம் உள்ளே போகும் பாதை ஜீப்பே போகும் அளவுக்கு அகலம். பார்த்தவுடன் டயர் நமநமக்கும். அது 1970களில் ஒட்டுப்பலகைக்கு மரம் வெட்டிய காலத்தில் லொறிக்குப் போட்ட பாதை. இன்று அது வழிகாட்டியோடு நடக்கும் பாதை. ‘தடை’ என்று பலகை இல்லாததையும் சேற்றில் டயர்த் தடம் இருப்பதையும் இதே கணக்கில் வையுங்கள். தடம் பீட் அதிகாரியின் மோட்டார் சைக்கிளுடையதாகவும் இருக்கலாம், பலகையைக் கறையான் தின்றிருக்கவும் கூடும்.

வீதியையும் பாதையையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. மாத்தளைப் பக்கம் இரத்தோட்டையில் இருந்து ரிவர்ஸ்டன் வழியாக இலுக்கும்புர போகும் வீதி நக்கிள்ஸைக் குறுக்கே வெட்டிப் போகிறது. அது பொது வீதி, பஸ் போகிறது, சைக்கிளும் போகலாம், என்னைக் கேட்டால் இந்த நாட்டின் அருமையான ஏற்றங்களில் ஒன்று. அதே வீதியோரம் பிட்டவல பத்தனைக்குப் பிரிந்து போகும் ஒற்றையடிப் பாதை வேறு கதை. பத்தனை என்றால் புல்வெளி. அங்கே கல்லின் மேல் மெல்லியதாக ஒரு மண் படை, அதன் மேல் புல். மழை நாளில் பிரேக் பிடித்து டயர் சறுக்கினால் அந்தப் படை பாய் போல உரிந்து வரும். ஹோர்ட்டன் சமவெளியிலும் பட்டிப்பொல – ஒஹிய வீதி பூங்காவுக்குள்ளாகவே ஓடுகிறது. அதற்காக உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போகும் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நடைச்சுற்றில் சக்கரம் உருளலாம் என்று ஆகிவிடாது. கையில் டிக்கெட் இருப்பதும் அப்படித்தான். டிக்கெட் உள்ளே வருவதற்கு, சைக்கிள் ஓட்டுவதற்கு அல்ல.

மலையகத்தில் பல பாதைகள் தேயிலைக்குள் தொடங்கிக் காட்டுக்குள் முடிகின்றன. தோட்ட எல்லை வரை துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின் சம்மதம், அதற்கு மேல் திணைக்களத்தின் சம்மதம். ஒன்று இருந்தால் மற்றது தானாக வராது. தோட்டத்தில் நமக்கு மொழிப் பிரச்சினை இல்லை என்பதால் வாச்சர் ஐயாவிடம் நாலு வார்த்தை பேசி, அவர் “போங்க தம்பி, ஒண்ணும் இல்ல” என்று சொன்னதும் கிளம்பிவிடுகிறோம். அவர் சொன்னது அவருடைய மலைக்கு. ஆனாலும் அவரிடம் பேசாமல் போகாதீர்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் எந்த மலையில் நிற்கிறார்கள், மருந்து அடிப்பது எங்கே, காட்டோரத்தில் யார் பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார் என்று எந்த ஆப்பும் சொல்லாது, அவர் சொல்வார்.

எழுதிக் கேட்டும் பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ‘இந்தப் பாதையில் துவிச்சக்கரவண்டிக்குத் தடை உண்டா, இருந்தால் எந்த ஒழுங்குவிதியின் கீழ்’ என்று ஒரே வரியில் கேளுங்கள்.

கையில் அனுமதி இருந்தாலும் மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் மலைப்பக்கம் போக வேண்டாம். திங்கட்கிழமை திறந்திருந்த பாதை வெள்ளிக்கிழமை மூடியிருக்கலாம். அன்று வாசலில் திரும்பிய நாங்கள் வேனை விட்டுவிட்டு அந்தப் பாதையை நடந்தே முடித்தோம். பாதிவழியில் வேர்கள் பின்னிக் கிடந்த இறக்கம் ஒன்று வந்தது. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டே, “இதில் எங்கே மச்சான் ஓட்டியிருப்போம்?” என்றான் சிநேகிதன்.