விலை கூடிய சிடி மறுபதிப்புகள்: காசு கொடுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் நெருங்கினால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துச் சபைகளில் பாடகர் குழுக்கள் ஹாண்டலின் ‘மெசையா’வைக் கையில் எடுத்துவிடும். அல்லேலூயா கோரஸைப் பாடிப் பழகியவர்களில் சிலருக்கு முழுப் படைப்பையும் நல்ல ஒலியில் கேட்க ஆசை வரும். இசை நடத்துநர்களில் கிளெம்பரர் 1964-ல் பதிவு செய்ததா, காலின் டேவிஸ் 1966-ல் லண்டன் சிம்பொனியோடு செய்ததா என்று தேடத் தொடங்குவார்கள். அங்கிருந்து பீத்தோவன், பாக் என்று போகும். கொஞ்ச நாளில் இந்தக் கேள்வி வந்துவிடும்: “அண்ணே, ஒரே பதிவு சாதாரண சிடியாவும் இருக்கு, ஜப்பான் எஸ்எச்எம் சிடியாவும் இருக்கு. விலை ரெண்டு மூணு மடங்கு. சத்தம் அதுக்குத் தக்க நல்லாருக்குமா?” வெளிநாட்டில் இருக்கிற மாமாவிடம் சொல்லி வரவழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே கேட்பார்கள்.

ஒலி நன்றாக இருப்பதும் இல்லாததும் எந்த டேப்பிலிருந்து, எவ்வளவு கவனமாக மாஸ்டர், அதாவது தட்டு அச்சடிக்க அடிப்படையான இறுதிப் பிரதி, எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. தட்டு எந்தப் பொருளில் செய்யப்பட்டது என்பதற்கு அதில் பங்கு கிடையாது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருகிறவை.

அட்டையில் உள்ள பெயர்கள் எல்லாம் ஒரே வகை என்று நினைப்பது

எஸ்எச்எம் சிடியை ஜேவிசியும் யுனிவர்சல் ஜப்பானும் கொண்டுவந்தன. எல்சிடி திரைகளுக்காக உருவாக்கிய, ஒளி நன்றாக ஊடுருவும் பாலிகார்பனேட்டில் அந்தத் தட்டைச் செய்கிறார்கள். 2008-ல் சோனி கொண்டுவந்த ப்ளூ-ஸ்பெக் சிடியில் மூல அச்சு நீல லேசரால் வெட்டப்படுகிறது. எச்க்யூசிடியும் பிறகு வந்த யூஎச்க்யூசிடியும் இதே வழியில் வந்தவை. தங்கப் பூச்சு சிடியும் இந்தக் கூட்டம்தான். இவை எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது 1982-ல் சிடி விற்பனைக்கு வந்தபோதிருந்த அதே அளவு: நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), மாதிரிக்கு 16 பிட்.

தட்டு தெளிவாக இருந்தால் லேசர் சரியாகப் படிக்கும், அதனால் ஒலி கூடும் என்கிறார்கள். ஆனால் சிடியில் பிழை திருத்தும் ஏற்பாடு முதலிலிருந்தே இருக்கிறது. ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் தொடர்ச்சியாகப் போனாலும், போன எண்களை அப்படியே கணக்கிட்டு மீட்டுவிடும். பிளேயர் படித்த எண்களை ஒரு தற்காலிக நினைவகத்தில் வாங்கிவைத்துத் தன் சொந்தக் கடிகாரத்தின்படிதான் வெளியே அனுப்புகிறது. கீறல் இல்லாத சாதாரண சிடியிலிருந்தும் எஸ்எச்எம் சிடியிலிருந்தும் வருபவை ஒரே எண்கள். நல்ல தாளில் அச்சடித்தால் புத்தகத்தின் அச்சுப்பிழை போய்விடாது, இதுவும் அப்படித்தான்.

எக்ஸ்ஆர்சிடி கதை வேறு. ஜேவிசி 1990-களில் தொடங்கிய இதில் தட்டைவிட வேலைமுறைக்குத்தான் முக்கியத்துவம். மூல டேப்பைத் தேடி எடுத்து, நல்ல கருவியில் ஓட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் கண்காணித்துச் செய்தார்கள். சாதாரண பிளேயரில் ஓடும் சாதாரண சிடிதான். அவற்றில் பல நன்றாக ஒலிப்பதற்குக் காரணம் அந்த உழைப்பு.

எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி), எம்க்யூஏ சிடி, எச்டிசிடி மூன்றும் சிடியைவிடக் கூடுதல் தரம் தருவதாகச் சொல்லும் வகைகள். அந்தக் கூடுதலைக் கேட்க அதற்கேற்ற கருவியோ மென்பொருளோ வேண்டும். பின்னிரண்டும் சாதாரண பிளேயரில் சாதாரண சிடியாக ஓடும். எஸ்ஏசிடியின் உயர்தர அடுக்கை எஸ்ஏசிடி பிளேயர் மட்டுமே படிக்கும். இரண்டு அடுக்கும் உள்ள ஹைபிரிட் வகை என்றால் சாதாரண பிளேயரில் அதன் சிடி அடுக்குதான் ஓடும். ஹைபிரிட் இல்லாத ஒற்றை அடுக்குத் தட்டு, ஜப்பானில் நிறைய வருகிறது, வீட்டிலுள்ள டிவிடி பிளேயரில் பெரும்பாலும் ஓடவே ஓடாது. வாங்கி வைத்துவிட்டுப் பிளேயர் தேடுவது வீண் செலவு.

பழைய தட்டோடு புதிய தட்டை ஒப்பிட்டு, மதிப்பைத் தட்டுக்குக் கொடுப்பது

பெரிய தவறு இதுதான். ஒருவரிடம் 1985-ல் வந்த சிடி இருக்கிறது. இப்போது அதே கச்சேரி எஸ்ஏசிடியில் வருகிறது. போட்டுக் கேட்டால் வயலின்கள் மென்மையாகிவிட்டன, அரங்கத்தின் ஆழம் தெரிகிறது. காது பொய் சொல்லவில்லை. ஆனால் 1985 சிடி, எல்பி அச்சடிக்க வைத்திருந்த பிரதி டேப்பிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். அந்த டேப்பில் எல்பிக்காக அடிநாதத்தைக் குறைத்திருப்பார்கள். பிரதிக்குப் பிரதி இரைச்சலும் கூடியிருக்கும். புதிய தட்டுக்கு மூல டேப்பிலிருந்தே எடுத்திருப்பார்கள்.

பாஸ்டன் ஆடியோ சொசைட்டியைச் சேர்ந்த பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007-ல் வெளியிட்ட சோதனை, தட்டு வகையின் பங்கையும் தயாரிப்பின் பங்கையும் பிரித்துக் காட்டியது. எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ ஒலியை நேரடியாகவும், அதே ஒலியைச் சிடி அளவுக்கு மாற்றியும், எது எதுவென்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது 276. பூவா தலையா போட்டாலும் இவ்வளவுதான் வரும். மிக அதிகச் சத்தம் வைத்து, மிக அமைதியான இடங்களில் மட்டும் சிடியின் இரைச்சல் தெரிந்தது. அதே ஆய்விலேயே, எஸ்ஏசிடிக்கள் பொதுவாக நன்றாக ஒலிக்கின்றன, காரணம் அவற்றின் தயாரிப்பில் எடுத்த அக்கறை என்றும் எழுதினார்கள். இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே எஸ்ஏசிடியே தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆர்சிஏ ‘லிவிங் ஸ்டீரியோ’ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் ஃபிரிட்ஸ் ரைனர் சிகாகோ சிம்பொனியோடு செய்தவை உட்படப் பல பதிவுகள் அதில் உள்ளன. அக்காலத்தில் மூன்று தடங்களில் எடுத்தவற்றை எல்பிக்காக இரண்டாகச் சுருக்க வேண்டியிருந்தது. 2004 முதல் வந்த எஸ்ஏசிடிக்களில் அந்த மூன்று தடங்களையும் மூன்று ஸ்பீக்கரில் கேட்க முடிகிறது. சாதாரண சிடியில் இடமே இல்லாத ஒன்று இது. நடு ஸ்பீக்கர் உள்ளவர்களுக்குக் கொடுத்த காசுக்கு நியாயம் உண்டு.

வியன்னாவின் சோஃபியன்சாலில் ஜார்ஜ் ஷோல்ட்டி 1958 முதல் 1965 வரை டெக்காவுக்காகப் பதிவு செய்த வாக்னரின் ‘ரிங்’ இன்னொரு பாடம். 2012-ல் வந்த ஆடம்பரப் பெட்டிக்கு அடிப்படை, 1997-ல் எடுத்துவைத்த டிஜிட்டல் பிரதி. 2022-ல் மூல டேப்புகளையே மறுபடி ஓட்டிப் புதிதாக எடுத்து எஸ்ஏசிடியாக வெளியிட்டார்கள். இரண்டுமே விலை கூடியவை, இரண்டிலும் ரீமாஸ்டர் என்றுதான் இருக்கும். எந்த ஆண்டு எடுத்த பிரதி என்று பார்க்காமல் பெட்டியின் கனத்தைப் பார்த்து வாங்கக்கூடாது.

சத்தம் கூடியதைத் தரம் கூடியதாக எண்ணுவது

ஒரு டெசிபலுக்கும் குறைவான வித்தியாசத்தை நம் காது ‘சத்தம் கூடுதல்’ என்று பிரித்தறியாது. தெளிவு கூடியதாக, உயிர் கூடியதாக எடுத்துக்கொள்ளும். ரீமாஸ்டர்களில் பல முந்தையதைவிடக் கொஞ்சம் உரக்க இருக்கும். வால்யூமைச் சரிசெய்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபின்தான் ஒப்பிடவேண்டும். பியானிசிமோவுக்கும் (மிக மென்மை) ஃபோர்டிசிமோவுக்கும் (மிக உரப்பு) உள்ள தூரத்தைக் குறைத்துச் சத்தத்தை ஏற்றியிருந்தால், அந்த ரீமாஸ்டர் இசை நடத்துநர் செய்த வேலையையே அழித்திருக்கிறது.

இரைச்சல் போனால் போதும் என்பது

நம் கர்நாடக இசைக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். 78 சுழற்சித் தட்டுகளிலிருந்து எடுத்த சிடிக்களில் கரகரப்பை முழுவதும் துடைக்கும்போது தம்புராவின் நாதமும் மிருதங்கத்தின் மீட்டுச் சொல்லின் நீட்சியும் சேர்ந்தே போய்விடும். நாதஸ்வரத்தில் சீவாளியின் காற்றோசை மழுங்கிவிடும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அப்படித் துடைத்துக் கேட்பது எனக்குத் தாங்காது. கொஞ்சம் கரகரத்தாலும் வாத்தியம் வாத்தியமாக ஒலிக்கும் பதிப்பே மேல்.

வேகத்தையும் பாருங்கள். 78 என்று பெயர் இருந்தாலும் பழைய தட்டுகள் எல்லாம் சரியாக அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. ஒரே தட்டின் இரண்டு மறுபதிப்புகளில் சுருதி அரைக்கட்டை வேறுபட்டால், ஒன்றிலாவது வேகம் தப்பு. அதைத் திருத்திய பதிப்பு எந்தத் தட்டில் வந்தாலும் அதற்குக் காசு கொடுக்கலாம்.

எழுத்துகளை வைத்துத் தீர்மானிப்பது

பழைய சிடி அட்டைகளில் டிடிடி, ஏடிடி, ஏஏடி என்று இருக்கும். பதிவு, எடிட்டிங், மாஸ்டரிங் ஒவ்வொன்றும் டிஜிட்டலா அனலாகா என்பதற்கான குறி. டிடிடி என்றால்தான் உயர்ந்தது என்று மற்றவற்றைத் தள்ளிவிட வேண்டாம். கராயன் 1961, 62-ல் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு செய்த பீத்தோவன் சிம்பொனிகள் அனலாக் டேப்தான்.

கணினிக்கு மாற்றுபவர்களுக்கு ஒன்று. 1980-களின் தொடக்கத்தில் வந்த சில சிடிக்களில், ஜப்பான் அச்சுகளில் குறிப்பாக, உயர் அதிர்வெண் ஒலிகளை வேண்டுமென்றே தூக்கிப் பதிந்திருப்பார்கள். பிளேயர் அதை இறக்கிக் கொடுக்கும். சில மென்பொருள்கள் இறக்காமல் நகலெடுத்துவிடும். காது கூசும் ஒலியைக் கேட்டு, ‘பழைய அச்சு மோசம்’ என்று புதியதை வாங்கப் போவார்கள்.

கேட்டுமட்டும் முடிவு செய்வது

இரண்டு பதிப்புகளும் கையில் இருந்தால் கணினியில் பிழையின்றி நகலெடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் இரண்டையும் மிகச் சரியாக ஒரே சாம்பிளில் தொடங்குமாறு பொருத்துங்கள். அச்சுக்கு அச்சு தொடக்கம் சற்று முன்பின் இருக்கும். ஒன்றைத் தலைகீழாக்கிச் சேர்த்தால், ஒரே எண்களாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் ஒரே மாஸ்டர், கூடுதல் விலை தட்டுக்கும் அட்டைக்கும் போனது. மிச்சத்தில் இசை கேட்டால் மாஸ்டர் வேறு. எது நல்லது என்று அப்போது காதால் தீர்மானிக்கலாம்.

அறையையும் காற்றையும் மறப்பது

மொசைக் தரை, வெறும் சுவர், தலைக்கு மேல் ஃபேன். குமரி வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறோம். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சிடி தரும் 96 டெசிபல் வீச்சில் பாதியை ஃபேனே விழுங்கிவிடும். மின்தடையில் பழைய இன்வெர்ட்டர் ஓடினால் ஸ்பீக்கரில் உறுமல் வேறு. ஒரு கனமான ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, புத்தக அலமாரி, கேட்கும் நேரம் ஃபேனை நிறுத்துவது, இவை தரும் மாற்றம் எந்த ஜப்பான் தட்டும் தராதது.

தட்டின் பொருளுக்கு நிஜமாகவே வேலை இருப்பது ஒலியில் அல்ல, ஆயுளில். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று, இரண்டு பருவமழைகளின் ஈரம். மேல் பூச்சு சரியில்லாத தட்டில் அலுமினியப் படலம் அரித்து ஊசித்துளைகள் விழும். தங்கம் அரிக்காது. அதற்காகவே தங்கத் தட்டு வாங்குபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மற்றத் தட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் திணிக்காமல் பெட்டியிலேயே வையுங்கள், அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். பூசணம் பிடித்தால் மென்மையான சோப்பு நீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள்.