சீழ் வடியும் காதுக்குச் சொட்டு மருந்து விடுவது எப்படி?

காதில் 2 வாரத்துக்கு மேல் சீழ் வடிந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே பெரும்பாலும் இருப்பவை சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சூடோமோனாஸை ஒன்றும் செய்யாது. இந்த மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத் திறன் அந்தக் கிருமிக்கு இயல்பிலேயே உண்டு.

மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் 0.3% சொட்டு எழுதித் தந்தால், முதலில் காதைத் துடையுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சீழ் நிறைந்த காதில் விட்ட மருந்து வெளியே வழிந்துவிடும், கிருமியைத் தொடாது. சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி வையுங்கள். திரி உலர்ந்தே வரும்வரை இப்படி. பட்ஸ் வேண்டவே வேண்டாம். புட்டியைச் சற்று நேரம் கைக்குள் வைத்திருங்கள், குளிர்ந்த சொட்டு தலைசுற்ற வைக்கும். ஒருக்களித்துப் படுத்துச் சொட்டு விட்டபின், காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பை நாலைந்து முறை அமுக்குங்கள். மருந்து ஓட்டை வழியே உள்ளே இறங்கும். 5 நிமிடம் எழ வேண்டாம்.

2 வாரத்தில் சீழ் நிற்காவிட்டால் மருந்தை மாற்றி மாற்றி வாங்காதீர்கள், சீழில் எந்தக் கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஓட்டையுள்ள காதில் ஜென்டாமைசின் சொட்டு கேட்கும் திறனையே கெடுக்கலாம். அரிப்போடு கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் கோணுதல், கடும் தலைசுற்றல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.