போருக்குப் பிந்தைய ஸ்பானியப் படங்கள்: பார்க்கும்போது செய்யும் தவறுகள்

விக்டர் எரிசேயின் ‘தேன்கூட்டின் ஆவி’ (1973) படத்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் ‘கதை நகரவே இல்லை’ என்பார்கள். வசனத்தில் கதையைத் தேடுவதால் வரும் கோளாறு இது.

1940, ஸ்பானிய உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, காஸ்தில் பகுதிக் கிராமம். தப்பியோடி ஒளிந்திருப்பவனுக்குச் சிறுமி ஆனா ஆப்பிளும் அப்பாவின் கோட்டும் கொடுக்கிறாள். கோட்டுக்குள் பாட்டிசைக்கும் பாக்கெட் கடிகாரம். இரவில் அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். கடிகாரம் அப்பாவிடம் திரும்புகிறது. காலைச் சாப்பாட்டில் அவர் யாரையும் விசாரிப்பதில்லை. கடிகாரத்தைத் திறந்து ஒலிக்கவிட்டு மகள்களின் முகத்தைப் பார்க்கிறார். அக்கா இசபெல் தன் பாட்டுக்குச் சாப்பிடுகிறாள். ஆனா நிமிர்கிறாள். பேச்சே இல்லாமல் எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஒரே மேசையில் இருந்தும் அப்பா, அம்மா, மகள்கள் நால்வரையும் தனித்தனி ஷாட்டில்தான் காட்டுகிறார் எரிசே. போர் அந்தக் குடும்பத்தை என்ன செய்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி படத்தில் கிடையாது.

ஒளிந்திருப்பவன் யார் என்று படம் சொல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்தது 1975 நவம்பர் 20. தணிக்கை அதற்குப் பிறகும் 1977 வரை இருந்தது. வெளிப்படையாகச் சொல்ல வழியில்லை. அதற்காக, கிராமத்தில் திரையிடப்படும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் பூதத்தை ‘ஃபிராங்கோதான்’ என்று முடித்துவிடுவதும் பிழை. ஆனாவுக்கு அந்தப் பூதம் நண்பன்.

கார்லோஸ் சௌராவின் ‘கிரியா குயெர்வோஸ்’ (1976) படத்தில் குழப்பம் வேறு. இதிலும் சிறுமியின் பெயர் ஆனா. இறந்த அவள் அம்மா சாதாரணமாக அறைக்குள் நடந்து வருவாள்; நினைவு என்று காட்ட மங்கலோ தனி இசையோ இருக்காது. அந்த அம்மாவாக நடித்த ஜெரால்டின் சாப்ளினே வளர்ந்த ஆனாவாகவும் வருகிறார். கேமராவைப் பார்த்துப் பேசினால் அது இருபது ஆண்டுக்குப் பிந்தைய ஆனா. சிறுமி விஷம் என்று நம்பும் வெள்ளைப் பொடி வெறும் சமையல் சோடா. இதைத் தவறவிட்டால் அப்பாவைக் கொன்றவள் அவள்தான் என்றே நினைத்துக்கொள்வோம். தலைப்பு ஒரு பழமொழியின் முன்பாதி: காக்கை வளர்த்தால் உன் கண்ணையே கொத்தும்.

எரிசேயின் ‘எல் சுர்’ (‘தெற்கு’, 1983) படத்தில், சிறுமி தெற்கே புறப்படும் இடத்தில் முடிவதைப் பார்த்துப் புதிர்விடை தேடாதீர்கள். தயாரிப்பாளர் எலியாஸ் கெரெஹெத்தா படப்பிடிப்பை இடையில் நிறுத்தியதால் தெற்குப் பகுதி எடுக்கப்படவே இல்லை.

பகல் வெளிச்சத்தில் போனில் பார்ப்பது பெரிய தவறு. ‘தேன்கூட்டின் ஆவி’யில் ஒளிப்பதிவாளர் லூயிஸ் குவாத்ராதோ அறுகோணச் சன்னல்களின் தேன் மஞ்சளையும் அறையின் இருட்டையும் வைத்தே ஆனாவின் வீட்டைக் காட்டியிருக்கிறார். விளக்கை அணையுங்கள், டிவியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ (அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் வசதி), தானியங்கி வெளிச்சம் இரண்டையும் நிறுத்துங்கள். மூல ஸ்பானிய ஒலியே வேண்டும்; இசபெல் ஆனாவிடம் பேசும் கிசுகிசுப்பு டப்பிங்கில் போய்விடும்.