தூத்துக்குடியில் நாலு நாள்: ஒரு நாளைக்கு ஒரு திசை

தூத்துக்குடியைத் திருச்செந்தூர் போகிற வழியில் பஸ் மாறுகிற ஊராகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நாலு நாள் ஒதுக்க முடிந்தால் அங்கேயே ரூம் போடுங்கள், சுற்றுவட்டாரம் முழுக்க அங்கிருந்தே பார்த்துவிடலாம். ஒரே ஒரு விதிதான், ஒரு நாளைக்கு ஒரு திசை. காலையில் மணப்பாடு, மத்தியானம் கழுகுமலை என்று திட்டம் போட்டால் பாதி நாள் காருக்குள்ளேயே போய்விடும், வெயிலும் சும்மா விடாது.

ஜனவரி, பிப்ரவரி நல்ல சமயம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா, நவராத்திரிக்குக் குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா, கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் என்று வரும்போது ரூம் கிடைப்பது கஷ்டம். கூட்டத்தையே பார்க்கத்தான் போகிறோம் என்றால் சரி, இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். முதல் நாள் ஊருக்குள்ளேயே இருங்கள். 1713-ல் எழுந்த பனிமய மாதா கோயில், அதை ஒட்டிய கடற்கரைச் சாலை, சாயங்காலம் ஊருக்கு வெளியே உப்பளம். பாத்தித் தண்ணீர் சில இடங்களில் இளஞ்சிவப்பாகத் தெரியும், வரப்போரம் உப்பைக் குவித்து வைத்திருப்பார்கள். அங்கே வேலை நடக்கிறது, கேட்காமல் பாத்திக்குள் இறங்கிப் போட்டோ எடுக்க வேண்டாம். ராத்திரி பரோட்டா, சால்னா. இந்தக் கடைகளுக்கு ஊரில் 'நைட் கிளப்' என்று பெயர், ஆட்டோக்காரர் அப்படிச் சொன்னால் பயந்துவிடாதீர்கள்.

இரண்டாம் நாள் தெற்கே. திருச்செந்தூர் 40 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. விடியற்காலையில் போய்விட்டால் வரிசையும் குறைவு, கல் தரையும் காலைச் சுடாது. ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும் நாழிக்கிணற்றை விட்டுவிடாதீர்கள். சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து, குலசை வழியாக மணப்பாடு. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்திலேயே அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான். கடலுக்குள் நீளும் மணல் மேட்டின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, ஒரு பக்கம் அலை, மறுபக்கம் கழிமுகம். நாலு மணிக்கு மேல் போனால் இருட்டுகிற வரை உட்காரலாம். கருப்பட்டி வேண்டுமென்றால் உடன்குடியில் வாங்குங்கள்.

மூன்றாம் நாள் மேற்கே, தாமிரபரணிக் கரை. நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று ஓடுகிறவர்கள் உண்டு. கோயில்கள் மத்தியானம் நடை சாத்திவிடும், அதனால் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி இரண்டை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் உறங்காப்புளி என்கிற புளியமரம் இருக்கிறது. நடை சாத்துகிற நேரத்தை ஆதிச்சநல்லூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அகழாய்வில் தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள், நாம் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே முதுமக்கள் தாழிகள் கிடக்கும்.

கடைசி நாள் வடமேற்கே, கரிசல் பக்கம். இதற்கு மட்டும் கார் எடுப்பது நல்லது. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் கோட்டை என்று இப்போது நிற்பது 1974-ல் எழுப்பிய நினைவுச் சின்னம், பழைய கோட்டையை எதிர்பார்க்காதீர்கள். அடுத்து எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, கோவில்பட்டியில் சாப்பாடு, கடலைமிட்டாய், வெயில் இறங்கியதும் கழுகுமலை. வெட்டுவான் கோயிலைப் பாறையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். விமானத்தில் பூத கணங்கள் அவ்வளவு நுணுக்கம், கண்ணைக் கீழே இறக்கினால் உளி படாத பாறை. சமணச் சிற்பங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

ஊர் திரும்ப மறுபடியும் தூத்துக்குடிக்கு வரத் தேவையில்லை. முத்துநகர் கோவில்பட்டியிலும் நிற்கும், டிக்கெட் போடும்போதே ஏறும் இடத்தைக் கோவில்பட்டி என்று கொடுத்துவிட்டு, காலையில் ரூமைக் காலி செய்து பெட்டியோடு கிளம்புங்கள். தூத்துக்குடித் தின்பண்டமான மக்ரூனை முந்தின நாள் ராத்திரியே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும்தான் சரக்கு, ஈரக் காற்றுப் பட்டால் மொறுமொறுப்பு போய்விடும்.