முட்டைக்கோழிக் குஞ்சுத் தீவனம்: புரதத்தோடு லைசினையும் மெத்தியோனினையும் பாருங்கள்

நாமக்கல் வட்டாரத்தில் சொந்தமாகத் தீவனம் அரைக்கும் பண்ணைகள் பல. குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 சதவீதம் வந்தால் போதும் என்று கணக்கை அங்கேயே முடித்துவிடக் கூடாது. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களான லைசின், மெத்தியோனின் இரண்டில் எது குறைகிறதோ, வளர்ச்சி அந்த அளவோடு நின்றுவிடும். மிஞ்சிய புரதம் எச்சத்தில் போகும். காசும் அதோடு போகும்.

முதல் 8 வாரத்துக்கு லைசின் 1.05, மெத்தியோனின் 0.45 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 60 கிலோ, 45 சதவீதப் புரதமுள்ள சோயா புண்ணாக்கு 33 கிலோ. மீதி 7 கிலோ எண்ணெய் எடுத்த தவிடு, டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்), சுண்ணாம்புக்கல் தூள், உப்பு, வைட்டமின், தாது உப்புகள். லைசின் இதிலேயே சரியாகிவிடும். மெத்தியோனின் 0.31தான் வரும், 140 கிராம் டிஎல்-மெத்தியோனின் (தூளாகக் கிடைக்கும் செயற்கை மெத்தியோனின்) சேர்க்க வேண்டும். அதை நேரே மிக்ஸரில் கொட்டினால் ஒரே இடத்தில் தங்கிவிடும். முதலில் 2 கிலோ சோள மாவில், பிறகு 10 கிலோவில் கலந்து, அப்புறம் மொத்தத்தில் சேருங்கள்.

விலை பார்த்து சோயாவுக்குப் பதில் முழுக்கக் கடலைப் புண்ணாக்கு போட்டால் புரதம் அதே 20 காட்டும், லைசினோ 0.65 அளவுக்கு இறங்கிவிடும். அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நச்சின் பயம் வேறு. சோயாவிலும் பதம் முக்கியம்: சரியாக வேகாததில் புரதம் செரிக்காது, கருகியதில் லைசின் வீணாகும். வேக்காடு போதுமா என்று காட்டும் யூரியேஸ் சோதனையில் pH உயர்வு 0.05 முதல் 0.20 வரை இருந்தால் நல்லது. கருகலை அந்தச் சோதனை காட்டாது. அதற்குப் புரதக் கரைதிறன் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரையும் புரதத்தின் பங்கு) 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

8 வாரத்துக்குப் பிறகு கொடுக்கும் வளர் தீவனத்துக்குப் புரதம் 16, லைசின் 0.75, மெத்தியோனின் 0.35 சதவீதம். வாரக் கணக்கை மட்டும் நம்பி மாற்றாதீர்கள். உங்கள் ரகத்துக்குரிய எடை வராவிட்டால் குஞ்சுத் தீவனத்தையே இன்னும் ஒன்றிரண்டு வாரம் கொடுங்கள். எலும்புக்கூட்டின் வளர்ச்சி பெரும்பாலும் 12 வாரத்துக்குள் முடிந்துவிடும். அப்போது விட்டதைப் பிறகு பிடிக்க முடியாது. வாரம் ஒருமுறை 100 கோழியைத் தனித்தனியாக எடை போடுங்கள். சராசரிக்கு 10 சதவீதம் மேலும் கீழுமாக 80 கோழியாவது அடங்க வேண்டும்.

கோடையில் நாளுக்கு 55 கிராம் வளர் தீவனம் தின்ன வேண்டிய கோழி 50 கிராமோடு நின்றால், லைசினை 0.83 சதவீதம் ஆக்க வேண்டும். இதற்காகச் சோயாவைக் கூட்டாதீர்கள்: மிகைப் புரதம் உடல் சூட்டை ஏற்றும், எச்சம் தண்ணீராகும், ஷெட்டில் அமோனியா நெடி எழும். 100 கிலோவுக்கு எல்-லைசின் உப்பு 100 கிராம், மெத்தியோனின் 35 கிராம் கூடுதலாகப் போதும்.

கொண்டை சிவக்கும்போது, ஏறக்குறைய 17ஆம் வாரத்தில், புரதம் 17, கால்சியம் 2 முதல் 2.5 சதவீதமுள்ள முன்முட்டைத் தீவனத்துக்கு மாற்றுங்கள். முட்டைத் தீவனத்தின் கால்சியத்தை பல வாரம் முன்னதாகவே கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.